பெட்டிக்குள் ஆறு நாள், வெயிலில் ஏழு நாள்: கிரெனடாவில் கோகோ

முதல் நாள்: மலை தாண்டி வடக்கே

கரீபியன் கடலின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது கிரெனடா. ஒட்டியுள்ள சின்னத் தீவுகளையும் சேர்த்து மொத்தப் பரப்பு 344 சதுர கிலோமீட்டர். இன்றைய சென்னை மாநகராட்சி இதைவிடப் பெரியது. தலைநகர் செயின்ட் ஜார்ஜஸிலிருந்து கிழக்குக் கரைக்குப் போகும் சாலை, கிராண்ட் எட்டாங் காட்டு வழியே மலையேறி மறுபக்கம் இறங்குகிறது. மேலே ஏரியைச் சுற்றி மேகமும் சாரலும். கீழே கிரென்வில் ஊருக்கு வந்தால் சுள்ளென்று வெயில். அங்கிருந்து வடக்கே செயின்ட் பேட்ரிக் பகுதி. அடுத்த இரண்டு வாரத்துக்கு அங்கேதான்.

தேயிலைத் தோட்டம் போல வரிசையாக இருக்கும் என்று எதிர்பார்த்து வருபவர்களுக்குக் கோகோ முதலில் கண்ணிலேயே படாது. சாலையோரம் தெரிவதெல்லாம் ஜாதிக்காய், வாழை, ஈரப்பலா, மா. அவற்றுக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் பூத்த இம்மார்ட்டல் மரம். நம்மூர்க் கல்யாண முருங்கையின் உறவு. இத்தனைக்கும் அடியில், அரை இருட்டில், அடிமரத்திலேயே காய் ஒட்டிக்கொண்டு நிற்கிறது கோகோ. நம்மூர்ப் பலாவைப் போல இதுவும் தண்டில் காய்க்கும் மரம்.

பிரெஞ்சுக்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்த பயிர் இது. 1763-ல் தீவு பிரிட்டன் வசம் போனது. 1834-ல் அடிமைமுறை ஒழிந்து கரும்புத் தோட்டங்கள் தளர்ந்தபின் கோகோ மேலே வந்தது. கரும்புக்கு ஆலை வேண்டும், கூட்டமாக ஆள் வேண்டும். கோகோவுக்கு ஒரு குடும்பமும் ஒரு அரிவாளும் போதும். சிறு விவசாயி கையில் அது நிலைத்ததற்கு அதுவே காரணம்.

இங்குள்ள மரங்களில் பெரும்பாலானவை டிரினிட்டாரியோ. பெயர் பக்கத்துத் தீவான டிரினிடாடிலிருந்து வந்தது. 1727-ல் அங்கே ஏதோ ஒரு பேரழிவில் கிரியோல்லோ என்ற கோகோ இனத்தின் மரங்கள் மடிந்தன. முப்பது ஆண்டு கழித்துத் தென் அமெரிக்க நிலப்பகுதியிலிருந்து பொராஸ்டெரோ என்ற இன்னொரு இனத்தின் விதை கொண்டுவந்து நட்டார்கள். மிச்சமிருந்த கிரியோல்லோவோடு அது கலந்து பிறந்தது இந்த இனம். கிரியோல்லோவின் மணம் பாதி, பொராஸ்டெரோவின் தாக்குப்பிடிக்கும் குணம் பாதி. சர்வதேசக் கோகோ அமைப்பின் பட்டியலில் கிரெனடாவின் ஏற்றுமதி முழுவதும் 'நேர்த்தியான சுவைக் கோகோ' என்ற வகையில் வருகிறது. ஆனால் அந்தச் சுவை மரத்திலேயே முழுமையாக உருவாகிவிடுவதில்லை. பச்சை விதையைக் கடித்துப் பார்த்தால் கசப்பும் துவர்ப்பும்தான்; சாக்லேட்டின் வாசனை துளிகூட இராது. அது எங்கே வருகிறது என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

இரண்டாம் நாள்: மரத்தடியில்

காலை ஆறரைக்கு அறுவடை. பிப்ரவரி வெயில் காயவைக்க வாகானது. உலர்பருவம் ஜனவரியில் தொடங்கி மே வரை நீள்கிறது.

பழுத்ததா என்று நிறத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது. பச்சைக் காய் மஞ்சளாகும். சிவப்புக் காய் ஆரஞ்சாகும். ஆனால் நல்ல கருஞ்சிவப்புக் காயில் மாற்றம் லேசாகத்தான் தெரியும். சந்தேகம் வந்தால் நகத்தால் தோலைக் கீறிப் பார்க்கிறார்கள். உள்ளே பச்சை இருந்தால் விட்டுவிட வேண்டியது. மஞ்சள் என்றால் பறிக்கலாம். பூ பிடித்ததிலிருந்து பழுக்க ஐந்து முதல் ஆறு மாதம். எல்லாம் ஒரே நேரத்தில் பழுக்காது என்பதால் பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று வருகிறார்கள். சுற்று தள்ளிப்போனால் முற்றிய பழத்துக்குள்ளேயே விதை முளைவிடும். முளை வெளியே வந்த துளை வழியே பிற்பாடு பூஞ்சணமும் அந்துப்பூச்சியும் உள்ளே போகும்.

தாழ்வான காயை அரிவாளால், எட்டாத காயை மூங்கில் கழியில் கட்டிய வளைந்த கத்தியால் பறிக்கிறார்கள். நம்மூர்த் துரட்டியேதான். ஒரு விதி மட்டும் கறார்: காயைத் திருகவோ பிடுங்கவோ கூடாது, காம்பை வெட்ட வேண்டும். காம்பு ஒட்டியிருக்கும் சின்ன மேட்டில்தான் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் பூ வரும். பட்டையோடு பிய்த்தால் அந்த இடம் அதோடு முடிந்தது. போதாததற்கு, காயம் வழியே நோயும் ஏறும்.

பூக்களில் நூற்றுக்கு ஐந்துகூடக் காயாவதில்லை. மகரந்தம் கடத்துவது தேனீ அல்ல, குண்டூசித் தலையளவு கொசுகு. அது அழுகும் இலைச் சருகிலும் வாழைத் தண்டிலும் முட்டையிடும். தோட்டத்தைப் பெருக்கிச் சுத்தமாக வைக்கும் விவசாயிக்கு விளைச்சல் குறைவது இதனால்தான். பிடித்த பிஞ்சிலும் பல கறுத்து வற்றிவிடும். அதை நோய் என்று நினைத்து மருந்தடிப்பது வீண். மரம் தன்னால் சுமக்க முடியாததைத் தானே கழித்துவிடுகிறது.

உண்மையான நோய் கருங்காய் அழுகல். பைட்டாப்தோரா என்ற நுண்ணுயிரியால் வருவது. காயில் பழுப்புப் பொட்டு தோன்றி, ஓரிரு வாரத்தில் காய் முழுதும் கறுத்துப்போகும். மழைத்துளி தெறித்துப் பரவும். பார்த்தவுடன் வெட்டி அப்புறப்படுத்துவதுதான் முதல் மருந்து. செம்புக் கலவை இரண்டாவது. கிளைகளைக் கவாத்து செய்து காற்றோட்டம் தருவதும் இதற்காகவே. அடிமரத்திலிருந்து நேராகக் கிளம்பும் நீர்ப்போத்துகளை மாதம் ஒருமுறை ஒடித்துவிட வேண்டும். சூனியக்காரித் துடைப்பம் என்று ஒரு பூஞ்சை நோய் உண்டு. கொம்பு நுனியில் துடைப்பம் போலக் கொத்துக் குருத்து வரும். அதைக் காய்வதற்கு முன்பே, நோய் தெரியும் இடத்துக்கும் ஒரு சாண் கீழே வெட்டி எரிக்க வேண்டும். இளம் மரத்தின் பட்டைக்குள் புழுவாக ஓடிச் சுற்றி அரிக்கும் வண்டு வேறு. எலிகள் காயில் ஓட்டை போட்டு இனிப்புச் சதையை மட்டும் சப்பிவிட்டு விதையைக் கீழே துப்பும்.

புதிய நடவு 3 மீட்டருக்கு 3 மீட்டர்; ஹெக்டேருக்குச் சுமார் 1,100 மரம். ஒட்டுக்கன்று மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும். இந்தக் கணக்கு கிரெனடாவில் 2004-க்குப் பிறகு பெரிதாகப் பேசப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 7-ல் ஐவன் புயல் தீவைப் புரட்டிப் போட்டது. ஜாதிக்காய் மரங்கள் வேரோடு சாய்ந்தன. அது மறுபடி நன்றாகக் காய்க்க ஏழெட்டு ஆண்டு ஆகும். கோகோவோ, தண்டு ஒடிந்தாலும் அடியிலிருந்து போத்து விட்டு எழும். பலர் கோகோவுக்குத் திரும்பியது அப்போதுதான். ஆனால் நிழல் மரங்கள் போனதால் தப்பிய கோகோவும் வெயிலில் கருகியது. அதனால் மறுநடவில் முதலில் நட்டது வாழை.

மூன்றாம் நாள்: உடைப்பு

பறித்த காய்கள் மரத்தடியில் குவிந்திருக்கின்றன. உடைக்கும் இடம் தோட்டத்துக்குள்ளேயே. காயின் எடையில் முக்கால் பங்கு ஓடு, அதைச் சுமந்து யாரும் மலையிறங்குவதில்லை.

கை தேர்ந்தவர்கள் அரிவாளின் கூர்முனையால் ஓட்டை மட்டும் அரை விரல் ஆழம் கொத்தி, மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்ப, காய் இரண்டாகப் பிளக்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் புதிதாக வருபவர் கையில் மரக்கட்டையைக் கொடுப்பதே நல்லது. கத்தி விதையில் பட்டால் அந்த விதை கெட்டது. வெட்டுவாயில் பூஞ்சணம் பிடித்துப் பக்கத்து விதைக்கும் பரவும். கட்டையால் நடு இடுப்பில் இரண்டு தட்டு தட்டினால் காய் விரிந்துவிடும், விதைக்கு ஒன்றும் ஆகாது.

உள்ளே முப்பது முதல் நாற்பத்தைந்து விதை, வெள்ளைச் சதை போர்த்தி. சீத்தாப்பழச் சுளையை நினைத்துக்கொள்ளலாம்; சுவையும் அந்த வழிதான், கொஞ்சம் எலுமிச்சைப் புளிப்போடு. விரலை விட்டு வழித்து வாளியில் போடுகிறார்கள். மாலையில் இது மரப்பெட்டிக்குள் போய்ப் புளிக்கும். நடுவிலுள்ள நார்த்தண்டை நீக்கிவிட வேண்டும், அது புளிக்காது, காயவும் காயாது. கறுத்த காய், முளைவிட்ட காய், எலி தின்ற காய் மூன்றும் தனியே போகின்றன. 'பாதிதானே கெட்டிருக்கிறது' என்று ஆசைப்பட்டு அழுகல் காயின் நல்ல பாதியைச் சேர்ப்பவர்கள் உண்டு. பெட்டியின் சூடு ஏறாமல் போவதற்குப் பல இடங்களில் அதுவே காரணம்.

வெறும் ஓடு குவியலாகக் கிடந்தால் கொசுகுக்கு நல்லது, கருங்காய் நோய்க்கும் நல்லது. மழைக்காலத்தில் குவியலை மரத்திலிருந்து தள்ளி வைத்து மண்ணால் மூடுவது நடுவழி.

மாலை நான்கு மணிக்கு ஈரவிதை, புளிக்கவைக்கும் இடமான புளிப்பகம் வந்து சேர்ந்தது. தராசில் 600 கிலோ. ஒரு காய்க்குச் சராசரியாக 110 கிராம் என்றால், காலையிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேல் காய் உடைபட்டிருக்கிறது. தீவில் விவசாயிகள் பெரும்பாலும் இப்படி ஈரவிதையாகவே எடைபோட்டு விற்கிறார்கள். 1964-ல் தொடங்கிய கிரெனடா கோகோ சங்கம் இப்படிப் பல ஊர்களில் வாங்கிப் புளிக்கவைக்கிறது. ஒரே இடத்தில் சேர்வதில் ஒரு லாபம் உண்டு. ஐம்பது கிலோவைத் தனி வீட்டில் புளிக்கவைத்தால் சூடு நிற்காது. உடைத்த அன்றே பெட்டிக்குள் போக வேண்டும் என்பது இங்கே சட்டம் மாதிரி. நேற்று உடைத்ததும் இன்று உடைத்ததும் ஒரே பெட்டியில் கலந்தால் பாதி முந்தும், பாதி பிந்தும்.

பெட்டி கெட்டி மரத்தில், மூன்றடிக்கு மூன்றடி, உயரமும் ஏறக்குறைய அவ்வளவே. அடிப்பலகையில் விரல் நுழையும் துளைகள். ஆணி அடித்த இடமெல்லாம் மர முளை. இரும்பாணி புளிப்பில் கரைந்து விதையைக் கறுப்பாக்கும். அள்ளுவதும் மரச் சவளால்தான். மேலே வாழை இலை, அதன்மேல் சணல் சாக்கு.

நான்காம் நாள்

பெட்டிக்கடியில் சொட்டுச் சொட்டாக வடிகிறது. டன்னுக்கு 100 முதல் 150 லிட்டர் வரை இந்தச் சாறு இறங்கும். துளை அடைத்துக்கொண்டால் விதை சாற்றிலேயே ஊறிவிடும். அதனால் காலையில் ஒரு குச்சியால் ஒவ்வொன்றையும் குத்திப் பார்க்கிறார்கள். சாக்கைத் தூக்கினால் இறக்கி வெகுநேரமான கள்ளின் வாசனை. சதையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் சர்க்கரை. காற்றுப் புகாத அந்த நெருக்கத்தில் ஈஸ்ட் அதைச் சாராயமாக்கிக்கொண்டிருக்கிறது. வெப்பமானி 34 டிகிரி. இன்று யாரும் பெட்டியைத் தொடக் கூடாது.

ஐந்தாம் நாள்: முதல் புரட்டல்

48 மணி நேரம் ஆனதும் பெட்டியின் முன்பலகைகளை ஒவ்வொன்றாக உருவி, விதையைப் பக்கத்துப் பெட்டிக்குத் தள்ளுகிறார்கள். இன்று வாசனை கள்ளிலிருந்து காடிக்கு மாறிவிட்டது, கண் எரிகிறது.

புரட்டும் வேலை வெறுமனே கிளறுவது அல்ல. மேலே இருந்தது அடிக்கும், மூலையில் இருந்தது நடுவுக்கும் போக வேண்டும். மூலைகள் எப்போதும் குளிர்ந்தே இருக்கும், வெள்ளைப் பூஞ்சணம் முதலில் தலைகாட்டுவது அங்கேதான். கட்டிகளைக் கையால் உதிர்க்க வேண்டும். சதை கரைந்து விதைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்திருக்கிறது, அதில் காற்று நுழைகிறது. காற்று வந்ததும் ஈஸ்ட் ஒதுங்கி, காடி நுண்ணுயிரி எழுகிறது. அது சாராயத்தைக் காடியாக மாற்றும்போது வெளிவிடும் சூடுதான் பெட்டியின் சூடு. காலையில் 41 டிகிரி இருந்தது, புரட்டிய ஆறு மணி நேரத்தில் 47.

இந்த இடத்தில்தான் விதை சாகிறது. சாக வேண்டும். சூடும் காடியும் சேர்ந்து முளைக்கும் உயிரைக் கொன்றால்தான் உள்ளறைகளின் சுவர் உடைந்து, இதுவரை தனித்தனியே இருந்த சரக்குகள் ஒன்றோடொன்று கலக்கும். புரதம் அமினோ அமிலங்களாக உடைகிறது. பிற்பாடு வறுக்கும்போது சாக்லேட் மணமாக எழப்போவது இதுவே. துவர்ப்பைத் தரும் ஊதாப்பொருள் காற்றுப்பட்டுப் பழுப்பாகிறது. முதல் நாள் கேள்விக்கு விடை இந்தப் பெட்டிக்குள்தான். புளிக்காத விதையை எவ்வளவு நன்றாக வறுத்தாலும் சாக்லேட் வராது. எந்திரத்தால் இதைப் பிற்பாடு ஈடுகட்டவும் முடியாது.

பெட்டிக்குள் போன மூன்றாம் நாள் முடிவில் 45-ஐத் தொடவில்லை என்றால் எங்கோ பிசகு. சரக்கு போதாமல் இருக்கலாம், பெட்டி காலியாகத் தெரியும். அப்போது தடுப்புப் பலகை போட்டுப் பெட்டியைச் சுருக்க வேண்டும். சதை அதிகமாகி நீர் தேங்கியிருக்கலாம். அதற்கு மருந்து, அடுத்த முறை காயைப் பறித்து மூன்று நாள் உடைக்காமல் வைத்திருப்பது. சதை கொஞ்சம் வற்றும், புளிப்பும் தணியும். அல்லது மேல்மூடி மெல்லியதாக இருக்கலாம். மலைக்காற்று இரவில் சூட்டைத் திருடிப் போகும். பயந்துகொண்டு ஆறு மணிக்கொரு முறை கிளறுபவர்கள் உள்ள சூட்டையும் இழக்கிறார்கள். காடி மட்டும் மிஞ்சும்.

ஏழாம் நாள்: இரண்டாம் புரட்டல்

96 மணி நேரம். 48 டிகிரி. விதை உப்பிப் பருத்திருக்கிறது. அழுத்தினால் சிவந்த பழுப்புநீர் கசிகிறது. மூன்றாம் பெட்டிக்கு மாற்றி மூடியாகிவிட்டது.

மிச்ச நேரம் மேற்குக் கரைப் பக்கம். கூயாவ் மீன்பிடி ஊரை ஒட்டியுள்ள டகல்ட்ஸ்டன் பழைய தோட்டத்தில், கட்டடத்துக்கடியில் இருந்து தண்டவாளத்தில் வெளியே இழுக்கும் பெரிய உலர்தட்டுகள் இருக்கின்றன. மழை வந்தால் மேசை இழுப்பறையைத் தள்ளுவது போல மொத்தத்தையும் உள்ளே தள்ளிவிடலாம். இந்த மாதிரி உலர்வீட்டுக்குத் தீவில் 'பூக்கான்' என்று பெயர். டிரினிடாடில் இதற்கு நேர் மாறு: தட்டு அசையாது, கூரை நகரும். இரண்டில் கிரெனடா முறைக்கே என் ஓட்டு. கூரை ஒரு மூலையில் சிக்கிக்கொண்டால் மொத்தச் சரக்கும் நனையும். இங்கே சிக்கினால் ஒரு தட்டோடு போகும்.

ஒன்பதாம் நாள்: எடுப்பதா, இன்னும் ஒரு நாளா

ஆறு நாள் முடிந்தது. இந்த முடிவைக் கடிகாரம் எடுக்கக் கூடாது. பெட்டியின் வெவ்வேறு இடங்களிலிருந்து பத்து இருபது விதையை எடுத்து நீளவாக்கில் கீறிப் பார்க்கிறார்கள். நடுவே வெளிர் நிறம், விளிம்பைச் சுற்றிப் பழுப்பு வளையம். அது தெரிந்தால் நேரம் வந்துவிட்டது, உலரும்போது மிச்சப் பழுப்பு உள்ளே போகும். முழு ஊதா என்றால் இன்னும் ஒரு நாள். சூடு தானாக இறங்கத் தொடங்கியிருப்பது இன்னொரு அடையாளம், இன்று 44.

விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி சாட்சி. வார இறுதியில் ஆள் இல்லாமல் ஒன்பது நாள் கிடந்திருக்கிறது. காடி வாசனை போய் நவச்சார நெடி; விதை கறுத்து வழவழப்பு. புளிப்பு குறைந்ததும் வேறு வகைப் பாக்டீரியா புகுந்து புரதத்தை அழுக வைத்துவிட்டது. அரைகுறையாகப் புளித்தது கசக்கும், துவர்க்கும், ஆனாலும் அதை வறுவலில் கொஞ்சமாவது சமாளிக்கலாம். அழுகியதற்கு வழியே இல்லை.

மதியம் நம் 600 கிலோ தட்டுக்குப் போனது.

பத்தாம் நாள்: காலால் உழுவது

ஈரம் இப்போது கிட்டத்தட்ட அறுபது சதவீதம். ஏழுக்கு வர வேண்டும். அவசரம் கூடாது, தாமதமும் கூடாது. சூளை வைத்து 60 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் ஓடு முதலில் இறுகி, உள்ளேயிருக்கும் காடி வெளியேற வழியில்லாமல் அடைபடும். சாக்லேட்டைக் கடித்ததும் நாக்கைப் பிடிக்கும் அந்தப் புளிப்பு பெரும்பாலும் இந்த அவசரத்தின் விளைவே. மெதுவாகப் போனாலோ மூன்றாம் நாள் பூஞ்சணம்.

முதல் நாள் இரண்டு அங்குலத்துக்கும் சற்றுக் கூடுதலான கனத்தில் பரப்பி, மறுநாள் மெல்லிதாக்குகிறார்கள். அரை மணிக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். இங்கே அதற்குக் கருவி பாதம். தட்டின் ஒரு முனையிலிருந்து வெறுங்காலை உயர்த்தாமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால், பின்னால் உழுத சால் மாதிரி இரண்டு வரி விழும். அடுத்த நடை அந்தச் சாலுக்கு நடுவே. மரப் பல்வாரி வைத்தும் செய்யலாம், பல இடங்களில் செய்கிறார்கள். ஆனால் எங்கே இன்னும் ஈரம், எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது, எங்கே சூடு என்பது வாரிக்குத் தெரியாது. ஒட்டிய இரட்டை, மூன்று விதைகளை இன்றைக்கே பிரித்துவிட வேண்டும். நாளை மறுநாள் பிரித்தால் ஓடு உரிந்து வரும், பிரிக்காவிட்டால் நடுவே பூஞ்சணம்.

பதினொன்றரைக்குக் கிழக்கே கறுத்தது. ஒரு குரல், ஆறு பேர், நான்கு தட்டுகள், இரண்டு நிமிடம். பெரிய துளிகள் விழும்போது எல்லாம் உள்ளே. முக்கால் மணியில் மழை நின்றது. உடனே வெளியே இழுக்கவில்லை. தண்டவாளமும் தளமும் ஆவியடங்கட்டும் என்று இருபது நிமிடம் காத்தார்கள்.

பதின்மூன்றாம் நாள்

மூன்று நல்ல வெயில். மாலையில் விதையைக் குவியலாகச் சேர்த்து மூடுகிறார்கள். இரவில் உள்ளீரம் ஓட்டுக்கு வந்து சமனாகும், மறுநாள் வெயில் அதை இழுக்கும். காடி நெடி பாதியாகக் குறைந்திருக்கிறது.

மழை நாள் கணக்காகப் பிடித்துக்கொண்டால் விறகோ டீசலோ எரிக்கும் உலர்த்தியைத் தேடிப் போவார்கள். புகைக்குழாயில் மயிரிழை விரிசல் இருந்தால் போதும், சரக்கு முழுக்கக் கருவாட்டுப் புகை வாசம். கோகோவில் பாதிக்கு மேல் கொழுப்பு, அது எந்த வாசத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜாதிக்காய்க் கிடங்குக்கு அருகில் கோகோ மூட்டை அடுக்கக் கூடாது என்று இங்கே சொல்வதும் இதனால்தான்.

பதினாறாம் நாள்: ஏழு சதவீதம்

ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கினால் சரசரவென்று நொறுங்கும் ஓசை. உதறினால் ஓட்டுக்குள் பருப்பு அசைகிறது. ஈரமானி 6.9 காட்டியது. எட்டுக்கு மேல் மூட்டை கட்டினால் கப்பலில் பூஞ்சணம். ஆறுக்குக் கீழே போனால் ஓடு அப்பளமாக உடைந்து பூச்சிக்கு வழி. எடை போட்டதில் 228 கிலோ. 600-க்கு 38 சதவீதம். ஒரு கிலோ உலர்விதைக்கு ஏறக்குறைய 24 காய்.

முன்காலத்தில் இதோடு முடியாது. 'கோகோ நடனம்' என்று ஒன்று உண்டு. கரும்புப்பாகு காய்ச்சிய பெரிய கொப்பரையில் விதையைக் கொட்டி, லேசாக நீர் தெளித்து, உள்ளே இறங்கி வெறுங்காலால் மிதிமிதியென்று மிதிப்பார்கள். ஒட்டிக் காய்ந்த சதை உதிர்ந்து விதை பளபளக்கும். இப்போது அது பெரும்பாலும் பார்வையாளர்களுக்காக. சுவைக்கு இதனால் எந்த லாபமும் இல்லை; வாங்குபவர் கண்ணுக்குத்தான். காய்ந்ததை மறுபடி நனைப்பது எனக்கு உவப்பில்லை. செய்தால் அன்றே இரண்டு மணி நேரம் நல்ல வெயில் காட்டியாக வேண்டும்.

அடுத்து வெட்டுச் சோதனை. மூட்டைகளிலிருந்து கலந்து எடுத்த 300 விதைகளை ஒவ்வொன்றாக நீளவாக்கில் வெட்டிப் பலகையில் அடுக்குகிறார்கள். பூஞ்சணம் பிடித்தது மூன்று சதவீதத்துக்குள், சிலேட்டு நிறத்தில் சற்றும் புளிக்காதது மூன்றுக்குள், பூச்சி தின்றது, முளைத்தது, சப்பையானது எல்லாம் சேர்த்து மூன்றுக்குள் இருந்தால் முதல் தரம். நம் பலகையில் பூஞ்சணம் 2, சிலேட்டு 4, மற்றவை 5 விதை, மூன்றும் எல்லைக்குள். மீதியில் பெரும்பாலானவை பழுப்பு, மூளை மடிப்பு போல உள்ளே வரிவரியாகப் பிளந்து. அங்கங்கே கொஞ்சம் ஊதா. முழுக்க முழுக்கப் பழுப்பாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும், ஒரு நாள் கூடிப்போயிருக்கும்.

சணல் சாக்கு, மரச்சட்டத்தின்மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. பிளாஸ்டிக் உறைக்குள் நேராகக் கட்டுவது ஈரம் முழுதும் இறங்காத சரக்கை வேகவைப்பதற்குச் சமம்.

பதினேழாம் நாள்: அரைப்பு

தீவிலேயே சாக்லேட்டாக்கி விற்பது பழைய வழக்கமல்ல. 1999-ல் ஹெர்மிடேஜ் கிராமத்தில் மாட் கிரீன், டக் பிரவுன், எட்மண்ட் பிரவுன் மூவரும் கிரெனடா சாக்லேட் கம்பெனியைத் தொடங்கினார்கள். சூரிய மின்சாரம், பழுதுபார்த்த பழைய எந்திரங்கள், விவசாயிகள் கூட்டுறவு என்ற முறை. மாட் கிரீன் 2013-ல் மறைந்தார். அந்த வழியில் இன்று தீவில் இன்னும் சிலர்.

சிறிய அளவில் செய்பவர்களுக்கான வழி இது. வறுவல் 120 டிகிரியில் 25 நிமிடம் சுமாராக. மணம் கூர்மையிலிருந்து பலகாரச் சட்டி வாசத்துக்கு மாறும்போது இறக்க வேண்டும். உடைத்துப் புடைத்தால் ஓடு 12 முதல் 15 சதவீதம் போகும். பிறகு அரைப்பு. இங்கே தமிழ் வாசகர்களுக்குப் பழகிய பொருள் ஒன்று வருகிறது: உலகெங்கும் சிறு சாக்லேட் தயாரிப்பாளர்கள் பயன்படுத்தும் கல் அரைவை எந்திரம் கோயம்புத்தூர் வெட் கிரைண்டரின் வாரிசு. அதே கருங்கல் அடிக்கல், அதே உருளைக்கல். வேறுபாடு, இட்லி மாவுக்கு முக்கால் மணி, சாக்லேட்டுக்கு இரண்டு நாள். அதனால் மோட்டாரும் பெல்ட்டும் கனமாக வேண்டும், உருளையை அழுத்தும் திருகு வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. கழுவிய கல்லில் ஈரம் இருந்தால்கூட மொத்தமும் திரிந்து களியாகும்.

எழுபது சதவீத சாக்லேட்டுக்குப் பருப்பு 700 கிராம், சர்க்கரை 300. கல்லை முதலில் சூடாக்கிக்கொண்டு, பருப்பைக் கைப்பிடி கைப்பிடியாக அரை மணி நேரத்தில் போட்டு, இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை. அரைபட அரைபடத் துகள் இருபது மைக்ரானுக்கு இறங்கும். முப்பதுக்கு மேலிருந்தால் நாக்கு மணலை உணரும். மூடியைத் திறந்து வைத்தால் மிச்சக் காடியும் ஆவியாகும். எப்போது நிறுத்துவது என்பது முகர்ந்து பார்த்துத்தான். கடைசியில் பதம்பிடித்தல்: 48 டிகிரிக்கு உருக்கி, கிளறிக்கொண்டே 27-க்கு இறக்கி, திரும்ப 31-க்கு ஏற்றி அச்சில் ஊற்ற வேண்டும். அறை 21 டிகிரியில் இல்லாவிட்டால் மேலே வெள்ளை படரும். இந்தத் தீவில் குளிர்சாதனம் இல்லாமல் அது முடியாது.

வீடுகளில் இத்தனை பாடு இல்லை. விதையை இரும்புச் சட்டியில் வெடிக்கும்வரை வறுத்து, ஓட்டை உரித்து, சூட்டோடு உரலில் இடிக்கிறார்கள். இடிக்க இடிக்கக் கொழுப்பு விட்டுப் பசையாகும்போது பட்டையும் ஜாதிக்காயும் சேர்த்து உருண்டை பிடித்துக் காயவைக்கிறார்கள். காலையில் ஒரு உருண்டையைத் துருவி, பிரிஞ்சி இலை போன்ற உள்ளூர் இலை ஒன்றைப் போட்டுப் பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, பாலும் சர்க்கரையும். பெயர் கோகோ டீ, தேயிலை ஒரு இணுக்கும் இல்லை. மேலே எண்ணெய் மிதக்கும். அதை எடுத்துவிடாமல் ஆற்றிக் குடிக்கிறார்கள்.